எஸ்எஸ்டி பில்லில் முழு மாடல் எண் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இணையச் சந்தையில் நூறு வெள்ளிக்கும் குறைவாக வரும் ‘16 டெராபைட் எஸ்எஸ்டி’ (கோப்புகளைச் சேமிக்கும் கருவி) போலி. உள்ளே பெரும்பாலும் ஒரு சிறிய மெமரி கார்டுதான் இருக்கும். கணினியிடம் பொய்க் கொள்ளளவு சொல்லும்படி ஃபர்ம்வேரை (அதன் உள் மென்பொருளை) மாற்றியிருப்பார்கள். உண்மையான இடம் நிறைந்ததும் புதிய கோப்பு பழையதன் மேலேயே எழுதப்படும். பெயர் அப்படியே தெரியும், திறந்தால்தான் கல்யாணப் படங்கள் போனது புரியும்.

அசல் பொருளிலும் கவனம் தேவை. லோ யாட் பிளாசாவில் மாடி மாடியாக ஏறி விலை கேட்பவர்கள், உள்ளே உள்ள மெமரி டிஎல்சி வகையா, மலிவான கியூஎல்சி வகையா, டிபிடபிள்யூ எவ்வளவு என்றும் கேளுங்கள். உத்தரவாதத்துக்குள் எத்தனை டெராபைட் எழுதலாம் என்பதே டிபிடபிள்யூ. டிஎல்சி வகையான 1 டெராபைட் (டிபி) சாம்சங் 970 ஈவோ பிளஸுக்கு அது 600, அதே அளவு கியூஎல்சி வகையான குருஷியல் பி3க்கு 220. பள்ளிப் பாடத்துக்கும் கணக்கு வழக்குக்கும் கியூஎல்சி தாராளம். வீடியோ வெட்டுபவர்களுக்கு ஆகாது: கேஷ் (வேகமாக எழுத ஒதுக்கிய தற்காலிக இடம்) நிறைந்ததும் எழுதும் வேகம் பழைய ஹார்ட் டிஸ்க் அளவுக்கு விழுந்துவிடும். எம்.2 என்ற மெல்லிய பட்டை வடிவில் வருபவை எல்லாம் ஒன்றல்ல. சாட்டா என்ற பழைய இணைப்பு முறையை மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில், என்விஎம்இ என்ற வேகமான வகையைச் செருகினால் கணினிக்கு அது தெரியவே தெரியாது.

ரேமில் 16 ஜிபி ஒற்றைக் குச்சியைவிட, ஒரே பெட்டியில் வரும் இரண்டு 8 ஜிபி மேல். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணி 2, 4இல் போட வேண்டும். கெட்ட ரேம் சத்தமில்லாமல் நல்ல எஸ்எஸ்டியில் உள்ள கோப்பையும் கெடுக்கும். அதனால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருள் நான்கு சுற்றும் ஓடட்டும், இரவு முழுக்க ஆனாலும் சரி. ஒரு பிழை வந்தாலும் எக்ஸ்எம்பியை (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பை) அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் வந்தால் குச்சியைத் திருப்பிக் கொடுங்கள்.

எஸ்எஸ்டியின் நிலையைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பாருங்கள். புதியது என்று விற்றதில் ஓடிய நேரம் நூற்றுக்கணக்கான மணி காட்டினால் அது பழையது. பிறகு எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருள் கொண்டு கொள்ளளவு முழுவதும் எழுதிப் படித்துப் பாருங்கள். இவையெல்லாம் திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் முடிய வேண்டும்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரை கோரலாம். ஆனால் பில்லில் ‘1 டிபி எஸ்எஸ்டி’ என்று மட்டும் இருந்தால் எந்தப் பொருளை வாங்கினோம் என்று எப்படி நிரூபிப்பது? முழு மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் பில்லில் எழுதுவதை உள்நாட்டு வாணிப அமைச்சு கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுபார்ப்பாளர்,
செந்தூல், கோலாலம்பூர்