சங்கரனுக்கு, பேட்டரி விஷயமாக

பெங்களூரு

அன்புள்ள சங்கரா,

உன் மும்பை அலுவலகத்தில் பழைய செப்புக்கம்பி போனுக்குப் பதிலாக வரும் ஐபி போன்கள் (இணையம் வழியாகப் பேசுபவை) மின்சாரம் போனாலும் ஓட, எந்த யூபிஎஸ் (பேட்டரியில் மின்சாரம் தரும் பெட்டி) வாங்கலாம் என்று கேட்டு நீ அனுப்பிய கொட்டேஷனின் படம் வந்து நாளாகிவிட்டது. பதில் எழுதத் தாமதித்ததற்கு நீ திட்டப்போவதில் பாதியை இப்போதே வாங்கிக்கொண்டதாக வைத்துக்கொள். மீதியை நேரில் பார்த்துக்கொள்ளலாம். அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்து, என் சட்டைக் கறைகளையெல்லாம் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கத் தொடங்கிவிட்டார். மற்றவர்களும் நலம்.

தாமதத்தில் ஒரு லாபமும் இருக்கிறது. இடையில் எங்கள் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நடந்த ஒன்றைப் பார்த்த பிறகு, உன் கொட்டேஷனைப் பற்றி நான் முன்பு எழுத நினைத்ததை அப்படியே விட்டுவிட்டேன். மே மாத மழையில் இங்கே மரங்கள் மின்கம்பிகள் மேல் சாய்வது வழக்கம். அப்படி ஒரு மரம் சாய்ந்து, அல்சூரில் எங்கள் தெருவுக்குப் பிற்பகல் முழுவதும் மின்சாரம் இல்லை. முதலாளி நல்ல விலை கொடுத்து யூபிஎஸ் வாங்கி வைத்திருந்ததால், மேசைக்கு மேசை ஐபி போன்களில் விளக்கு எரிந்தது. வரவேற்பிலிருந்து ஆய்வகத்துக்குப் பேசினால் குரல் கணீரென்று கேட்டது. ஆனால் வெளியிலிருந்து ஓர் அழைப்புகூட வரவில்லை. இரத்த மாதிரி எடுக்க வீட்டுக்கு ஆள் அனுப்பச் சொல்லி அழைக்கும் முதியவர்கள்தான் எங்கள் பிழைப்பில் பெரும்பங்கு என்பது உனக்குத் தெரியும். விசாரித்தபோது, எங்களுக்கு இணையம் தரும் நிறுவனத்தின் ஸ்விட்ச் பெட்டி (இணைய இணைப்பைப் பல கேபிள்களுக்குப் பிரித்துக் கொடுப்பது) மொட்டைமாடியில், கட்டடத்தின் பொது மீட்டரில் செருகப்பட்டிருந்ததும், அதற்குள்ளிருந்த கைக்குழந்தை அளவு பேட்டரி எப்போதோ உயிரை விட்டிருந்ததும் தெரியவந்தது. நாங்கள் கீழே எவ்வளவு பேட்டரி அடுக்கினாலும், மேலே அந்தப் பெட்டி அணைந்தால் எல்லாம் வெறும் அலங்காரம்.

ஆகவே, எந்த யூபிஎஸ் என்று கேட்பதற்கு முன்பு, ஓர் அழைப்பு உன் மேசையிலிருந்து கிளம்பி எந்தெந்தப் பெட்டி வழியாகப் போகிறது என்று ஒரு தாளில் எழுது என்பதுதான் நான் சொல்ல வருவது. இத்தனை காலம் உனக்கு இந்தக் கவலை இல்லாமலிருந்ததற்குக் காரணம், பழைய செப்புக்கம்பி இணைப்பு. தொலைபேசி நிலையத்தில் வரிசையாக நின்ற ஈய அமில பேட்டரிகளிலிருந்து 48 வோல்ட் நேர்மின்சாரம் அந்தக் கம்பி வழியாகவே உன் மேசைக்கு வந்தது. தெருவே இருண்டாலும் கறுப்புக் கருவி மணியடித்தது. கண்ணாடி இழை ஒளியை மட்டுமே கொண்டுவரும், மின்சாரத்தைக் கொண்டுவராது. இழை முடிகிற மோடம், ரவுட்டர், போன்களுக்கு மின்சாரம் ஊட்டும் ஸ்விட்ச், அழைப்புகளைப் பிரித்தனுப்பும் ஐபி பிபிஎக்ஸ் பெட்டி, கடைசியாகப் போன் ஆகிய ஐந்தில் ஒன்று அணைந்தாலும் பேச்சு நின்றுவிடும். இவற்றில் எது முதலில் அணைகிறதோ, அதுதான் உன் பேக்கப் நேரம்.

இணையம் தருபவரிடம் கேட்கவேண்டிய கேள்வியும் இதிலிருந்தே வருகிறது. ஜிபான் முறையில், அதாவது ஒரே இழையின் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் முறையில், இழை வந்தால், அவர்களுடைய நிலையத்துக்கும் உன் மோடத்துக்கும் நடுவில் உள்ள பிரிப்பான்களுக்கு மின்சாரமே தேவையில்லை. அவர்கள் நிலையத்தின் பேட்டரியும் உன் அலுவலகத்தின் பேட்டரியும் இருந்தால் போதும். அப்படியன்றி, கட்டடத்திலோ தெருவிலோ ஒரு ஸ்விட்சை வைத்து அங்கிருந்து சாதாரண லேன் கேபிளில் கொடுத்தால், அந்த ஸ்விட்ச் எந்த மீட்டரில் இருக்கிறது, பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும், யார் மாற்றுவார்கள் என்று எழுத்தில் வாங்கு. உங்கள் கிங்ஸ் சர்க்கிள் பகுதியில் தண்ணீர் தேங்கினால் மீட்டர் அறை நனைந்துவிடும் என்று பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவதை நீதான் எனக்குச் சொல்லியிருக்கிறாய். உன் அலுவலகம் முதல் மாடியில் உலர்ந்து கிடக்க, அவர்களுடைய பெட்டி அதே மீட்டர் அறையில் மூழ்கிக் கிடந்தால் என்ன பயன்?

இனி கொட்டேஷன். மூன்று கேவிஏ ஆன்லைன் யூபிஎஸ் என்று பார்த்ததும் சிரிப்பு வந்தது. “முதலில் லோடைச் சொல், பிறகு பேட்டரியைக் கேள்” என்று வோல்டேஜ் வாத்தியார் சாக்பீஸை எறிந்து சொல்லிக்கொடுத்தது இதற்காகவா? கணக்கைப் பார். உன்னிடம் பதினாறு போன்கள். ஒன்றுக்கு 5 வாட் என்று தாராளமாக வைத்தால் 80. ஸ்விட்ச் தனக்கென்று எடுத்துக்கொள்வது 25, மோடமும் ரவுட்டரும் சேர்ந்து 20, பிபிஎக்ஸ் பெட்டி 15. ஆக மொத்தம் 140 வாட். இரண்டு பழைய டியூப் லைட்டும் ஒரு மின்விசிறியும் இழுப்பதைத் தாண்டாது. இதற்கு மூன்று கேவிஏ என்பது, குழாயின் அகலத்தைக் காட்டித் தொட்டியின் கொள்ளளவை மறைக்கிற வியாபாரம். கேவிஏ (ஆயிரம் வோல்ட்-ஆம்பியர்) எவ்வளவு சுமை தாங்கும் என்பதைச் சொல்லும். எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை பேட்டரியின் ஏஎச் (ஆம்பியர்-மணி) எண்தான் சொல்லும். அந்தப் பெரிய பெட்டிக்குள் இருப்பவை 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரிகள் எட்டு. பெருக்கினால் 672 வாட்-மணி. இங்கே வீட்டுக்கு வீடு இருக்கும் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி (தண்ணீர் ஊற்றிப் பராமரிக்கும் ஈய பேட்டரி) ஒன்றிலேயே 1800 இருக்கிறது. அதோடு, ஆன்லைன் யூபிஎஸ் மின்சாரம் இருக்கும்போதும் அதை நேர்மின்சாரமாக்கி மீண்டும் மாறுமின்சாரமாக்கி, இருமுறை மாற்றிக்கொண்டே இருப்பதால், சும்மா இருக்கையிலேயே கணிசமாகத் தின்னும். பேட்டரியில் ஓடும்போதும் அந்தத் தீனி உன் கணக்கில்தான் சேரும்.

உனக்கு மூன்று மணி நேரம் வேண்டும் என்று எழுதியிருந்தாய். 140-ஐ மூன்றால் பெருக்கினால் 420. மாற்றத்தில் வீணாவதைச் சேர்த்தால் ஏறக்குறைய 500 வாட்-மணி. ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காமல் வைத்திருப்பது அதன் ஆயுளுக்கு நல்லது என்பதால் 1000 என்று வைத்துக்கொள். 12 வோல்ட்டில் அது 83 ஏஎச், கடையில் கிடைப்பது 100. அவ்வளவுதான்.

எந்தச் சாதி பேட்டரி என்பதில் உன் ஊருக்கும் என் ஊருக்கும் வேறுபாடு உண்டு. இங்கே மின்சாரம் அடிக்கடி போய் வருகிறது. பேட்டரி இறங்கி ஏறிக்கொண்டே இருக்கும், அதற்குத் தாங்குவது டியூபுலர். உன் ஊரில் போவதே அபூர்வம். அதனால்தான் பம்பாயில் கரண்ட் போகாது என்று கல்யாணத்துக்குக் கல்யாணம் பெருமையடித்துக்கொண்டிருந்தாய். 2020 அக்டோபர் 12 காலை லோக்கல் ரயில்கள் நின்ற இடத்திலேயே நின்ற பிறகுதான் உன் குரல் சற்றுத் தாழ்ந்தது. எப்படியும் உன் பேட்டரி ஆண்டு முழுவதும் நிறைந்த நிலையிலேயே காத்திருக்கப்போகிறது. அந்த வேலைக்குப் பராமரிப்பு வேண்டாத மூடிய எஸ்எம்எஃப் பேட்டரி போதும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற மறப்பது என்ற பிரச்சினையே எழாது (மறப்பது யார் என்று நான் பெயர் சொல்லவில்லை). லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி எடை குறைவு, ஆயிரக்கணக்கான முறை ஏறி இறங்கும். ஆனால் அரிதாக மட்டுமே இறங்கப்போகிற இடத்தில் அந்தச் சிறப்புக்குக் கூடுதல் விலை கொடுப்பதை என் மனம் ஏற்கவில்லை. எதுவானாலும் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஏற்றிவிடாதே. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிவிடும். மும்பை வெயிலில் அந்த இடுக்கு என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

ஆகவே என் முடிவு: மூன்று கேவிஏ கொட்டேஷனைத் திருப்பி அனுப்பு. தூய சைன் வேவ் (கம்பியில் வரும் மின்சாரம் போலவே சீரான அலை) தரும் சாதாரண இன்வெர்ட்டர், 12 வோல்ட், ஏறக்குறைய 900 விஏ (0.9 கேவிஏ), அதனுடன் 100 ஏஎச் எஸ்எம்எஃப் ஒன்று. இதில் இரண்டு விஷயங்களைக் கவனி. பின்பக்கம் உள்ள பொத்தான் ‘யூபிஎஸ்’ பக்கம் இருக்கவேண்டும். ‘நார்மல்’ பக்கம் இருந்தால் மாறும் நேரம் நீண்டு, ஸ்விட்ச் அணைந்து மீண்டும் எழும், போன்கள் எல்லாம் மறுபடி பதிவாகிற சில நிமிடங்களுக்கு வாடிக்கையாளர் வெறுமையைக் கேட்டுக்கொண்டிருப்பார். அடுத்தது, பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் பொத்தான். டியூபுலருக்கான மின்னழுத்தத்தில் எஸ்எம்எஃப்பை ஏற்றினால் உள்ளே வறண்டுபோகும். பணம் கொடுக்கும் முன்பு கடைக்காரரை வைத்துக்கொண்டே எனக்கு ஓர் அழைப்பு போடு, பேசிக்கொண்டிருக்கும்போது மெயின் சுவிட்சை இறக்கச் சொல். இரைச்சலின்றிப் பேச்சு தொடர்ந்தால் வாங்கு. ஒவ்வொரு போனுக்கும் தனித்தனி அடாப்டர் தருகிறேன் என்றால் மறுத்துவிட்டு, கேபிள் வழியாகவே மின்சாரம் தரும் பிஓஇ ஸ்விட்ச் கேள். இல்லாவிட்டால் பதினாறு மேசைக்கும் பேக்கப் கம்பி இழுக்கவேண்டிவரும். உன் கட்டடத்தில் ஜெனரேட்டர் இருந்திருந்தால் மட்டும் நான் ஆன்லைன் பக்கம் பேசியிருப்பேன், ஏனெனில் ஜெனரேட்டரின் தடுமாறும் அதிர்வெண்ணைச் சில சாதாரண யூபிஎஸ்கள் ஏற்காமல் பேட்டரியிலேயே நின்றுவிடும்.

இதையெல்லாம் விடச் செலவில்லாத ஒரு காரியம் இருக்கிறது, அதை இந்த வாரமே செய். தொலைபேசி எண் தரும் நிறுவனத்திடம், உன் இணைப்பு எட்டவில்லையென்றால் அழைப்புகளைத் தானாக இரண்டு மொபைல் எண்களுக்குத் திருப்பும்படி அமைக்கச் சொல். இந்த வேலை அவர்களுடைய சர்வரில் நடப்பதால், உன் அலுவலகமே இருண்டாலும் அழைப்பு எங்கேயாவது போய்ச் சேரும். எங்களிடம் அன்று இந்த அமைப்பு இருந்திருந்தால் முதலாளி வாசலில் நின்று வானத்தைத் திட்டியிருக்க மாட்டார். ஆனால் மொபைல் கோபுரங்களும் பேட்டரியில் நிற்பவைதாம். நெடுநேர இருளில் அவையும் கைவிடும் என்பதை மனத்தில் வை.

கொஞ்சம் கடுமையாகவே ஒன்று சொல்கிறேன். உன் அலுவலகத்துக்கு மேல்தளத்தில்தான் மாமா தனியாக இருக்கிறார். ஏதேனும் ஒன்றென்றால் அவர் கை போவது உன் மேசைக்கு வரும் அந்த எக்ஸ்டென்ஷனுக்குத்தான். செப்புக்கம்பி போன பிறகு மின்சாரம் இல்லாத நேரத்தில் அந்தக் கருவியை நம்பக்கூடாது என்று அவருக்குப் புரியவை. பெரிய எண்கள் உள்ள ஒரு சாதாரண மொபைலில் அவசர உதவி எண் 112-ஐயும் உன் எண்ணையும் பதித்து, அவர் கட்டிலருகே வை. இதை யாரும் கொட்டேஷனில் எழுதித் தரமாட்டார்கள்.

திருத்திய கொட்டேஷன் வந்ததும், முன்பணம் கொடுக்கும் முன்பு படம் எடுத்து அனுப்பு. இம்முறை அன்றே பதில் எழுதுவேன்.

உன்,
பாலு

பி.கு.: பழைய யூபிஎஸ் பேட்டரிகளைக் காயலான் கடைக்குப் போடாதே, புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையில் கழிப்பார்கள். பேரம் பேசும்போது நீ பேசாதே, உன் மனைவியை அனுப்பு.