வாகன வயர்களைக் கடிக்கும் எலிகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெங்களூரு அல்சூரில் மழைக்காலத்தில் ஓட்டாமல் நிறுத்தி வைக்கப்படும் கேம்பர் வேன்களில் (உள்ளேயே தங்கிச் சமைக்கும் வசதியுள்ள வண்டிகளில்) எலிகள் புகுந்து வயர்களைக் கடித்துவிடுகின்றன. வாழ்நாள் முழுவதும் முன்பற்கள் வளர்வதால் எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கும் எலி, வயரின் மேலுறையை உரித்துவிட்டால் மின்கசிவும் தீவிபத்தும் நேரக்கூடும். சமையல் எரிவாயு உருளையும் உள்ளேயே இருக்கும் வேனில் இந்த ஆபத்து இன்னும் பெரிது. ஆகவே, கடிபட்ட வயரை டேப் சுற்றிச் சமாளிக்காமல், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, அந்தப் பகுதியையே மாற்றுவதுதான் சரி. சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளியே போதுமென்பதால், வயர் நுழையும் துளைகளை எஃகு வலையால் அடைக்க வேண்டும். எலி மருந்து வைப்பதை நான் ஏற்கவில்லை: செத்த எலி வேனின் தகடுகளுக்கிடையே அழுகும், வெளியே விழுந்ததைத் தின்னும் ஆந்தைக்கும் பூனைக்கும் நஞ்சேறும். தெருமுனைக் குப்பையை மாநகராட்சி அன்றாடம் அகற்றினால் எலிகளுக்கு இரையும் குறையும்.

வாசகர்,
அல்சூர், பெங்களூரு