அரையாண்டு முடிந்து பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். புத்தாண்டு வாழ்த்துகள். அரையாண்டுத் தேர்வு முடிந்து, விடுமுறையும் கழிந்து, பள்ளி மறுபடியும் திறந்தாயிற்று. ரேங்க் கார்டு இந்த வாரக் கடைசியில் பிள்ளைகள் கையில் வரும்; பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். கலைத் திருவிழாவில் நம் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள். கபடி அணி மாவட்டப் போட்டி வரை போய் வந்தது. விளையாட்டு விழா நல்லபடியாக நடந்தது. பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் மாலைச் சிறப்பு வகுப்புகள் தொடர்கின்றன. ஆசிரியர்களுக்கும், பந்தல், தண்ணீர், பிஸ்கட் என்று கேட்டதையெல்லாம் செய்து கொடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கும் நன்றி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

டிசம்பரில் நம் பள்ளிப் பிள்ளை ஒருவரின் படம் வாட்ஸ்அப் ஸ்டிக்கராகி ஊரைச் சுற்றியது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். யார், எந்த வகுப்பு என்று எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களும் வெளியே பேச வேண்டாம். அந்தக் குடும்பத்திடம் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகுதான் இதை எழுதுகிறேன்.

விளையாட்டு விழாவில் ஒரு பெற்றோர் ஆசையாகப் படங்கள் எடுத்து வகுப்புப் பெற்றோர் குரூப்பில் போட்டார். முப்பது நாற்பது படங்கள் இருக்கும். அதில் ஒன்றில் இந்தப் பிள்ளை ஓடி முடித்து, வாய் திறந்து, கண் சொருகி, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறது. இன்னொரு வீட்டில் அம்மாவின் போனை வைத்திருந்த ஒரு மாணவர் அந்த முகத்தை மட்டும் வெட்டி, மேலே இரண்டு சொல் சேர்த்து, மாணவர்கள் தங்களுக்குள் நடத்தும் குரூப்பில் விட்டார். அப்படி ஒரு குரூப் இருப்பதே வகுப்பு ஆசிரியருக்கு அதற்குப் பிறகுதான் தெரியும். அன்று இரவே பக்கத்து செக்‌ஷனுக்குப் போனது, மறுநாள் டியூஷன் சென்டருக்கும் போனது. அப்புறம் அந்தப் பிள்ளை வகுப்புக்குள் நுழையும்போதெல்லாம் யாராவது அந்த இரண்டு சொல்லை முணுமுணுப்பார்கள். ஆசிரியர் திரும்பிப் பார்த்தால் எல்லா முகமும் புத்தகத்துக்குள் இருக்கும். பிள்ளை வயிற்று வலி என்று பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டது. டாக்டரிடம் காட்டி, மாத்திரை கொடுத்து, ஸ்கேன் எடுக்கலாமா என்று பேச்சு வந்த பிறகுதான் காரணம் வெளியே வந்தது.

கேலி பள்ளிக்கூடத்துக்குப் புதிதில்லை. எனக்கும் பட்டப்பெயர் உண்டு, என்ன பெயர் என்றும் தெரியும். காலை வழிபாட்டில் நான் பேசியதை வெட்டி, மேளம் சேர்த்து ஒரு வீடியோகூடச் சுற்றுகிறது. தாளம் நன்றாகவே பொருந்தியிருக்கிறது, அது வேறு விஷயம். என் வயதுக்கும் வேலைக்கும் இதெல்லாம் ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்கு அப்படியில்லை. முன்பெல்லாம் சாயங்காலம் மணியடித்தால் கேலியும் அதோடு நின்றுவிடும், மறுநாள் காலை வரைக்கும் நிம்மதி. இப்போது வீட்டுக்குப் போய்ப் போனைத் திறந்தால் அங்கேயும் அதே முகங்கள், அதே சிரிப்பு.

சம்பந்தப்பட்ட மாணவர்களைக் கூப்பிட்டுப் பேசினோம். யாருக்கும் டி.சி. கொடுக்கவில்லை. கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "நான் பண்ணல சார், வந்ததை அனுப்பினேன், அவ்வளவுதான்." பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறார்கள். ஒன்றை ஃபார்வர்டு செய்வது தாங்கள் செய்த காரியமாகவே அவர்களுக்குத் தோன்றவில்லை. ஸ்டிக்கரைச் செய்தவர் ஒருவர். ஊரெல்லாம் கொண்டுபோனவர்கள் மற்றவர்கள் என்பதை உட்காரவைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. இன்னும் சிலர், "அழிச்சிட்டேன் சார்" என்றார்கள். 'எல்லோருக்கும் நீக்கு' என்பதை அழுத்தினால் குரூப்பிலிருந்து மறையும், அதுவும் அனுப்பிச் சுமார் இரண்டரை நாளுக்குள் அழுத்தினால்தான். அதற்குள் மற்றவர்கள் சேமித்து வைத்துக்கொண்டது அப்படியே இருக்கும்.

இனி எழுதப் போவது கொஞ்சம் கடுமையாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். விசாரித்தபோது வந்த எண்கள் எல்லாமே பெரியவர்களுடையவை. சிம் உங்கள் பெயரில் இருக்கிறது. அந்த ஸ்டிக்கர் பெற்றோர் குரூப்புக்கும் வந்தது. அதற்குச் சிரிக்கும் முகம் போட்டவர்களும் பெற்றோர்தான். ஒருவர் ராத்திரி பதினொன்றரை மணிக்கு இன்னொருவர் வீட்டுப் பிள்ளையைப் பெயர் சொல்லித் திட்டி வாய்ஸ் மெசேஜ் போட்டார். என் அறைக்கு வந்த சிலர், "என் பையன் அப்படிப்பட்டவன் இல்லை" என்றார்கள். சரி, போனைத் திறந்து பார்க்கலாமா என்றால், லாக் எடுக்கத் தெரியாமல் பையனைக் கூப்பிட்டார்கள். உங்கள் போனை உங்களாலேயே திறக்க முடியவில்லை என்றால் அது உங்கள் போன் இல்லை. இனிமேல் பெற்றோர் குரூப்பில் எந்தப் பிள்ளையையாவது பெயர் சொல்லிப் பேசினாலோ, அடுத்தவர் பிள்ளையின் படத்தைக் கேட்காமல் போட்டாலோ, அவரை உடனே நீக்கிவிடும்படி வகுப்பு ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். இதில் யாருக்கும் சலுகை கிடையாது.

சட்டத்தைக் காட்டி மிரட்டுவது என் நோக்கமில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். இந்த ஸ்டிக்கரில் ஆபாசம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு முகத்தை எடுத்து எந்த உடம்பிலும் ஒட்டிவிடும் ஏ.ஐ. செயலிகள் இன்று சும்மாவே கிடைக்கின்றன. இதே விளையாட்டு அங்கே போய் நிற்க ரொம்ப நாள் ஆகாது. 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி, 18 வயதுக்குட்பட்டவரை ஆபாசமாகக் காட்டும் படத்தை உருவாக்குவதோடு, அதை இறக்கிக்கொள்வதும் பகிர்வதும் குற்றம்தான். முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். செய்தது மாணவர் என்றால் 18 வயதுக்குட்பட்டவர்களின் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் வரை போக வேண்டியிருக்கும். அப்படி ஒரு படம் உங்கள் கண்ணில் பட்டால், எனக்குக் காட்டுவதற்காகக்கூட யாருக்கும் அனுப்பாதீர்கள். எந்த எண்ணிலிருந்து, எப்போது வந்தது என்று குறித்துக்கொண்டு நேரில் வாருங்கள், அல்லது குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள். ஆன்லைனில் ஏமாந்து பணம் பறிபோனால் சைபர் குற்ற உதவி எண் 1930. பள்ளி சம்பந்தப்பட்டது எதுவானாலும் கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது.

இன்ஸ்டாகிராம் பற்றியும் ஒரு வார்த்தை. 13 வயது ஆனால்தான் கணக்குத் தொடங்கலாம் என்பது அந்த நிறுவனத்தின் விதி. நம் ஆறாம் வகுப்பிலேயே கணக்கு வைத்திருப்பவர்கள் உண்டு. பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். சில வீடுகளில் அண்ணனோ சித்தப்பாவோ தொடங்கிக் கொடுத்தது. இதில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அந்தச் செயலி தானாகவே சில காவல்களைப் போடுகிறது: கணக்கு பூட்டியே இருக்கும், அதாவது பிள்ளை அனுமதித்தவர்கள் மட்டும்தான் உள்ளே பார்க்கலாம், முன்பின் தெரியாதவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது, ராத்திரி 10 மணி முதல் காலை 7 மணி வரை அறிவிப்பு ஒலிக்காது. பிள்ளைக்கு 25 வயது என்று பொய்யாகப் போட்டால் இவ்வளவும் போய்விடும். 13 ஆகாத பிள்ளையின் கணக்கை மூடிவிடுங்கள். ஆனவர்களுக்கு உண்மையான வயதைப் போடுங்கள். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸுக்குப் போய், பிரைவசியில் குரூப்ஸ் என்ற இடத்தில் 'எனது தொடர்புகள்' என்று வையுங்கள். கண்டவர்கள் உங்கள் எண்ணை ஏதோ ஒரு குரூப்பில் சேர்க்க முடியாது.

போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கொரோனா காலத்தில் வகுப்புக்காக நாம்தான் அதை அவர்கள் கையில் கொடுத்தோம். பிடுங்கினால் நண்பன் போனில் பார்ப்பார்கள், பிரச்சினை வந்தால் நம்மிடம் சொல்லவும் மாட்டார்கள். போன் போய்விடுமே என்ற பயத்தில்தான் அந்தப் பிள்ளையும் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. அதனால், யார் என்ன அனுப்பினாலும் எங்களிடம் சொல், போனைப் பிடுங்க மாட்டோம், திட்ட மாட்டோம் என்று இன்றைக்கே வீட்டில் சொல்லிவையுங்கள். ராத்திரி மட்டும் போன் கூடத்தில் சார்ஜில் கிடக்கட்டும். உங்களுடையதும் சேர்த்துத்தான்.

"வீட்டுப்பாடத்தை நீங்களே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்கள், பிறகு போனைக் கொடுக்காமல் என்ன செய்ய?" என்று சில அம்மாக்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பொங்கல் விடுமுறைக்குப் பிறகு வீட்டுப்பாடம் டைரியில் மட்டும்தான் எழுதித் தரப்படும். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் கணினி ஆசிரியர் இதைப் பற்றிப் பேசுவார்: படம் எடுக்கும் முன் கேட்பது, பாஸ்வேர்டை உயிர் நண்பனுக்கும் சொல்லாமல் இருப்பது, ஸ்கிரீன்ஷாட் என்ன செய்யும் என்பது. அதே மாதத்தில் ஒரு சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் வைக்கிறோம், தேதி டைரியில் வரும். போனைக் கையோடு கொண்டுவாருங்கள். மேலே சொன்ன செட்டிங்ஸை அங்கேயே மாற்றித் தருகிறோம். அப்பாக்களும் வந்தால் நன்றாக இருக்கும். எல்லாக் கூட்டத்துக்கும் அம்மாக்களை மட்டும் அனுப்பும் வழக்கம் போதும்.

விஷயம் தெரிந்ததும் தாங்களாகவே அந்த வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்த பெற்றோர் இருக்கிறார்கள். குரூப்பில் சிரிப்பு ஓடியபோது, "இது நம்ம பிள்ளையா இருந்தா?" என்று ஒரே வரியில் கேட்டு நிறுத்தியவர் ஒருவர். யார் என்று அவருக்கே தெரியும். அந்தப் பிள்ளை இப்போது ஒழுங்காகப் பள்ளிக்கு வருகிறது, பழையபடி சிரிக்கிறது. உங்கள் ஒத்துழைப்பு இல்லாமல் இது நடந்திருக்காது. மனமார்ந்த நன்றி. பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: அலுவலக அறையில் பெயர் எழுதாத டிபன் பாக்ஸ்கள் ஒரு அலமாரி நிறையச் சேர்ந்துவிட்டன. கூட்டத்துக்கு வரும்போது அடையாளம் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.