மறைத்த வரியைக் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய கண்காட்சிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியம் குறித்த உங்கள் கண்காட்சிக்கு இருமுறை டிக்கெட் எடுத்து வந்தவன் நான். முதல் முறையே ஊழியரிடம் சொன்னேன், கருத்துப் புத்தகத்திலும் எழுதினேன். மறுமுறை வந்தபோதும் எல்லாம் அப்படியே இருந்ததால் இந்த மடல்.

பெரிய கூடத்தில், தனி விளக்கின் கீழ், ஓவியர் மானேயின் ‘ஒலிம்பியா’: படுக்கையில் சாய்ந்திருக்கும் நிர்வாணப் பெண், அவளுக்குப் பூங்கொத்து நீட்டும் கறுப்பினப் பணிப்பெண், காலடியில் ஒரு பூனை. அதுவும் வண்ணப் பிரதிதான். மூலம் பாரிஸில் இருக்கிறது. 1865இல் அந்த ஓவியம் பாரிஸின் அரசு ஓவியக் கண்காட்சியான சலோனில் தொங்கியபோது கேலிச்சித்திரக்காரர் பெர்த்தால் அதைக் கேலிசெய்து வரைந்த பத்திரிகைப் பக்கமோ, அசல் தாளாகவே இருந்தும், கழிப்பறைக்குப் போகும் நடையில் முழங்கால் உயரத்தில் கிடக்கிறது. அதையும் பொறுத்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். சட்டத்துக்குள் வைத்த வெள்ளை அட்டை, படத்தின் அடியில் இருக்கும் எழுத்தை முழுவதும் மூடியிருக்கிறது.

ஐயா, அந்தப் படத்தின் உயிரே அந்த எழுத்தில்தான் இருக்கிறது. மானே இருட்டோடு இருட்டாக வைத்த கறுப்புப் பூனை பெர்த்தாலிடம் பெருத்து, வாலைத் தூக்கி நிற்கிறது, பூங்கொத்தும் பூதாகரமாகிவிட்டது. அடியில் இருக்கும் ‘பூனையின் வால், அல்லது பத்திஞோல் கரிக்காரி’ என்ற வரியைப் படித்தால்தான் அடி எங்கே விழுகிறது என்று தெரியும். மானே தீட்டிய உடல் அழுக்கேறியது போல் இருக்கிறது என்று அன்றைய விமர்சகர்கள் பத்தி பத்தியாக எழுதியதை, பெர்த்தால் ‘கரிக்காரி’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டார். பத்திஞோல், மானே புழங்கிய பேட்டை.

பக்கத்தில் தொங்கும், இன்னொரு கேலிச்சித்திரக்காரரான ஷாமின் படத்துக்கும் அதே கதி. நோவே (பைபிளின் நோவாவுக்குப் பிரெஞ்சில் அதுதான் பெயர்) என்ற குடும்பத்தில் பிறந்ததற்காக நோவாவின் மகன் ஷாமின் பெயரையே புனைபெயராக்கிக்கொண்ட சொல் விளையாட்டுக்காரர் அவர். ‘ஷாரிவாரி’ பத்திரிகையில் இதே ஒலிம்பியாவுக்கு ‘சின்னத் தச்சனின் பிறப்பு’ என்று தலைப்பிட்டார். தச்சனைக் குறிக்கும் அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்குள் கருங்காலி மரம் ஒளிந்திருக்கிறது. குத்து கறுப்பினப் பணிப்பெண்ணின் நிறத்தின் மீது. இன்று முகம் சுளிக்க வைக்கும் கேலிதான். ஆனால் சுளிப்பதற்கும் முதலில் படித்தாக வேண்டுமே!

காகிதம் வெளிச்சத்தைத் தாங்காது என்று ஊழியர் விளக்கினார். உண்மைதான். விளக்கை மங்கலாகவே வைத்துக்கொள்ளுங்கள்; அட்டையைப் பெரிதாக வெட்டியதற்கும் வெளிச்சத்துக்கும் என்ன சம்பந்தம்? 1865இல் கண்டனம் வலுத்ததும் ஒலிம்பியாவைக் கடைசி அறையில், கதவுக்கு மேலே எட்டாத உயரத்தில் மாட்டினார்கள். அந்த அதிகாரிகளுக்காவது ஊரே கொதித்தது என்ற சாக்கு இருந்தது. உங்களுக்கு?

வெளியே வரும் வழியில் உங்கள் கடையைப் பார்த்தேன். ஒலிம்பியாவின் பூனை சாவிக்கொத்தில் ஆடுகிறது, கோப்பையில் சிரிக்கிறது. பெர்த்தால் ஒரு பத்திரிகை விலைக்குச் செய்த வேலையை நீங்கள் கோப்பை விலைக்குச் செய்கிறீர்கள். அங்கே விலை எழுதிய சீட்டை மட்டும் எந்த அட்டையும் மறைக்கவில்லை.

கோபத்தில் கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். படங்களைக் கூடத்துக்கு மாற்ற இடமில்லை என்றால் நடையிலேயே இருக்கட்டும். அட்டையை மட்டும் இரண்டு அங்குலம் வெட்டி, அந்த வரிகளைக் காட்டுங்கள்; பக்கத்தில் ஒரு சிறு சீட்டில் மொழிபெயர்ப்பும் வைத்தால் நன்றியுடையவனாக இருப்பேன். கண்காட்சி முடிவதற்குள் இன்னொரு டிக்கெட் எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
முழங்கால் வலியோடு ஒரு பார்வையாளன்