முதல் பந்தியில் தாய்மாரை உட்கார வையுங்கள்

சுங்கை சிப்புட் வட்டாரக் கோயில் தலைவர்களுக்கும் செயலவை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் இந்த ஊரில் பாலர் பள்ளி ஆசிரியை. என்னிடம் வரும் பிள்ளைகளில் சிலர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருக்கிறார்கள். மதியத்துக்கு முன்பே சோர்ந்து மேசையில் சாய்ந்துவிடுகிறார்கள். நம் ஊரில் மட்டும் இப்படி இல்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 21.8 விழுக்காட்டினர் வளர்ச்சி குன்றியவர்கள். அதே ஆய்வில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 29.9 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை. தாயின் இரத்தச்சோகையையும் பிள்ளையின் உயரத்தையும் தனித்தனியாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

வருமானம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் இருக்கிற சோறு வீட்டுக்குள் எப்படிப் பங்காகிறது என்பதையும் பேசியாக வேண்டும். செம்பனைக் குலை வெட்டிவிட்டு வருகிறவருக்கு முதல் தட்டு, மீனின் நடுத்துண்டு. உழைத்து வருகிறவர், சாப்பிடட்டும். அடுத்து மாமனார், வளர்ந்த பையன்கள். எல்லாரும் எழுந்த பிறகு, சட்டியில் மிஞ்சிய குழம்போடு அம்மா உட்காருகிறார். அவரும் விடியற்காலையில் தொழிற்சாலை பஸ் ஏறிப் போய் வந்தவர்தான். ஒன்றரை வயதுக் குழந்தைக்குத் தனித்தட்டு ஏது? அம்மாவின் தட்டிலிருந்துதான் ஊட்டல். அம்மா கடைசி என்றால் குழந்தையும் கடைசிதான்.

அதுவரை பசி தாங்காமல் அழும் பிள்ளைக்குப் புட்டியில் டின்பால் கலந்த தேத்தண்ணி. குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று அந்த டின்னிலேயே அச்சிட்டிருக்கிறது. சீனி பசியை அடைத்துவிடும். தேயிலையோ கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது. பிறக்கும்போது உடம்பில் இருந்த இரும்புச்சத்து ஆறு மாதத்தில் குறைந்துவிடுவதால், அதன் பிறகு தாய்ப்பாலோடு மீன், முட்டை, பருப்பு என்று தினமும் கொடுத்தாக வேண்டும். நெத்திலியை வறுத்துப் பொடித்துக் கஞ்சியில் போட்டால்கூட நல்லதுதான். இதில் ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற வித்தியாசம் இல்லை, இருவருமே காய்கிறார்கள்.

இதையெல்லாம் கிளினிக்கில் தாதி சொல்லத்தான் செய்கிறார். கேட்கப் போவது அம்மா மட்டும். பணம் அப்பா கையில், சமையல் மாமியார் சொல்படி. "தினம் ஒரு முட்டை கொடுங்கன்னு சொல்றாங்க டீச்சர். ஒரு முட்டை கூட எடுத்தா, யாருக்குன்னு கேக்குறாங்களே" என்றார் ஒரு தாய். அவருக்கு என்ன பதில் சொல்வது?

2023 ஜனவரியிலிருந்து மனைவியின் பிரசவத்துக்கு அப்பாவுக்கும் 7 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஓராண்டாவது அதே முதலாளியிடம் வேலை செய்திருக்க வேண்டும். நம் ஆண்களில் பலருக்கு இது தெரியாது. அதையும் எங்காவது சொல்லத்தானே வேண்டும்.

உங்களிடம் கேட்கக் காரணம் இதுதான்: கிளினிக் வாசலை மிதிக்காத அப்பாக்கள் கோயிலுக்கு வருகிறார்கள், உங்கள் பேச்சைக் கேட்கிறார்கள். அன்னதானத்தில் முதல் பந்தியைக் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் ஒதுக்குங்கள். ஆண்கள் பரிமாறட்டும். சாம்பாரில் பருப்பு கெட்டியாக இருக்கட்டும், கொண்டைக்கடலை, கீரை, தயிர் சேரட்டும். பிள்ளைகளுக்குத் தனித்தட்டு வையுங்கள். கோயிலில் பழகியது வீட்டுக்கும் போகும் என்று நம்புகிறேன்.

அப்புறம், பந்தி முடிந்ததும் அரை மணி நேரம் தாதி ஒருவரை அழைத்து அப்பாக்களிடம் பேச வையுங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்க அப்பாவே வரட்டும். அன்னதானப் பட்டியல் போடும் பொறுப்பில் பெண்கள் இருவராவது இருக்க வேண்டும். இப்போது பல கோயில்களில் அவர்கள் காய்கறி நறுக்குவதோடு சரி.

அடுத்த செயலவைக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். தாதியிடம் தேதி கேட்பது, பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் எடுப்பது போன்ற வேலைகளுக்கு நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பாலர் பள்ளி ஆசிரியை