ஆண்டறிக்கை 2024–25: பள்ளிப் பிள்ளைகளும் வாக்குரிமையும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு, பொதுக்குழு உறுப்பினர்களுக்கும், அழைப்பை ஏற்று வந்திருக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் மன்றம் செய்த பணிகளை இந்தப் பொதுக்குழு முன் வைக்கிறேன். படிப்பகம், இரத்ததான முகாம், பொங்கல் விளையாட்டுப் போட்டி மூன்றும் வழக்கம்போல நல்லபடியாக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். அதனால், இந்த ஆண்டு புதிதாக எடுத்துக்கொண்ட வேலையைப் பற்றியே விரிவாகச் சொல்கிறேன். நம் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாக்குரிமையையும் ஊர்ப் பொறுப்பையும் சொல்லிக்கொடுக்கும் வேலை அது.

2024 ஏப்ரல் 19 அன்று நடந்த மக்களவைத் தேர்தலில் அந்தப் பள்ளிதான் நமக்கு வாக்குச்சாவடி. ஜூனில் பள்ளி திறந்தபோதும் வகுப்பறைச் சுவரில் பூத் எண் ஒட்டிய தாள் அப்படியே இருந்தது. உள்ளே என்ன நடந்தது, மை ஏன் அழியவில்லை, மெஷினை யார் எடுத்துப்போனார்கள் என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கினார்கள். அந்தக் கேள்விகளைப் பிடித்துக்கொண்டுதான் நாம் உள்ளே போனோம்.

தலைமையாசிரியரின் ஒப்புதலோடு ஜூலையில் வகுப்புத் தலைவர் தேர்தலை முறையாக நடத்தினோம். அதுவரை முதல் ரேங்க் எடுப்பவரை ஆசிரியர் கைகாட்டுவதுதான் வழக்கம். இம்முறை வேட்புமனு, சின்னம், பிரசாரம், ரகசிய வாக்கு எல்லாம் உண்டு. வாக்குச்சீட்டில் 'இவர்களில் யாருக்கும் இல்லை' என்னும் நோட்டாவையும் சேர்த்தோம். 2013-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அது வந்த விதத்தைச் சொன்னதும், "நோட்டா ஜெயிச்சா யார் சார் லீடர்?" என்று ஒரு பையன் கேட்டான். மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் நோட்டா எவ்வளவு வாங்கினாலும் வேட்பாளர்களில் முந்தியவரே வெற்றி பெறுவார் என்றோம். அவன் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அவன் கோபத்தில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

அன்று நடந்த ஒன்றைப் பொதுக்குழுவுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பள்ளியில் தாமதமாகச் சேர்ந்த ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனின் பெயர் வாக்காளர் பட்டியலில் இல்லை. "நான் டெய்லி வர்றேன்க்கா, மிஸ்ஸைக் கேளுங்க" என்று கெஞ்சினான். ஏஜென்ட்டாக இருந்த பிள்ளைகளும் அவனைத் தெரியும் என்றார்கள். "எனக்கும் தெரியும். ஆனா பட்டியல்ல பேர் இல்லையே" என்று அவள் அவனை அனுப்பிவிட்டாள். பையன் வராந்தாவில் நின்று அழுதான்.

மதியத்துக்கு வைத்திருந்த வினாடி வினாவை விட்டுவிட்டு, வாக்காளர் பட்டியலைப் பற்றியே பேசினோம். 1951–52 முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, வட இந்தியாவில் பல பெண்கள் சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே பதிந்தார்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. பெயர் என்பது இவ்வளவு பெரிய விஷயமா என்று பெண்பிள்ளைகள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

அக்டோபர் கடைசியில் வரைவுப் பட்டியல் வந்ததும், அவரவர் வீட்டுப் பெயர்களைச் சரிபார்ப்பதையே வீட்டுப்பாடமாகக் கொடுத்தோம். ஆயாவின் வயது தப்பாக இருந்தது, கல்யாணமாகிப் போன அத்தையின் பெயர் இங்கேயே கிடந்தது, பதினெட்டு முடிந்த அண்ணன் பெயரைச் சேர்க்கவே இல்லை. இப்படி நிறைய வந்தது. நவம்பர் சிறப்பு முகாமுக்குப் பெற்றோரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தவர்கள் இந்தப் பிள்ளைகள்தான். 17 வயது முடிந்தவர்கள் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐ முன்கூட்டியே கொடுத்துவைக்கலாம் என்பது பல பெற்றோருக்கு அன்றுதான் தெரிந்தது.

இடையில் ஆகஸ்டில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை உத்திரமேரூருக்கு அழைத்துப் போனோம். நம் மாவட்டத்திலேயே இருந்தும் பெரும்பாலோர் பார்த்ததில்லை. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊர் நிர்வாகத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறையை அவை சொல்கின்றன. ஊரில் முப்பது குடும்புகள், அதாவது இன்றைய வார்டு மாதிரி; தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்ற நிர்வாகக் குழுக்கள் எல்லாம் இப்படித்தான் அமைந்தன. "அப்போ இது ஓட்டு இல்லையே, குலுக்கல்தானே?" என்றாள் ஒருத்தி. சரியாகத்தான் கேட்டாள். சொந்த நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே அதில் இடம், மற்ற யாருக்கும் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னோம். பழம்பெருமையை மட்டும் சொல்லி அனுப்பினால் அது பாதிப் பாடம்தான்.

ஆனால் பிள்ளைகள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது வேறொன்றை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி பொறுப்புக்கு வர முடியாது என்ற விதிதான் அது. திரும்பி வந்ததும் எட்டாம் வகுப்பு அதைத் தன் விதியாகவே எழுதி ஒட்டியது. செப்டம்பர் 5 ஆசிரியர் தினத்துக்கு வசூலித்த பணத்தை, கேக், பலூன், கலர் பேப்பர் என்று வகுப்புத் தலைவன் மறுநாள் கரும்பலகையில் எழுதினான். மீதிப் பணத்தை மேசை மேல் வைத்தான். "பலூனுக்கு பில் எங்கடா?" என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வந்தது. கடைக்காரர் பில் தரவில்லை என்றதும், சாயங்காலம் இரண்டு பேர் கடைக்கே போய் விலை விசாரித்து வந்தார்கள். இந்த ஆண்டில் நாம் செய்ததிலேயே உருப்படியானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். வாக்களிப்பது ஒரு நாள் வேலை. கணக்குக் கேட்கும் பழக்கம் ஆண்டு முழுக்க வேண்டும், அது சின்ன வயதிலேயே வந்தால்தான் கூச்சம் இருக்காது.

அக்டோபர் 2 கிராம சபைக்குப் பள்ளி வாசல் தெருவிளக்கும் வேகத்தடையும் கேட்டு மனு எழுதினார்கள். கிராம சபையில் வாக்காளர்களே உறுப்பினர்கள் என்பதால் பெற்றோர் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள், பிள்ளைகள் உட்கார்ந்து கவனித்தார்கள். தெருவிளக்கு ஊராட்சியின் பொறுப்பு. அது டிசம்பருக்குள் வந்துவிட்டது. சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது என்பதால் வேகத்தடைக்குத் தீர்மானம் அனுப்பப்பட்டிருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை. தீர்மான நகலைப் பிள்ளைகள் வாங்கி வகுப்பில் வைத்திருக்கிறார்கள்.

ஜனவரி 25 தேசிய வாக்காளர் தினத்தன்று உறுதிமொழி எடுத்தோம். தேர்தல் ஆணையம் 1950-இல் அமைந்த நாள் அது.

வரும் ஆண்டில் அடுத்த ஊர்த் தொடக்கப் பள்ளியையும் சேர்த்துக்கொள்ள விரும்புகிறோம். சனிக்கிழமைகளில் நேரம் தரக்கூடிய உறுப்பினர்கள், முக்கியமாகப் பெண்கள், கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்க வேண்டும். வேகத்தடை மனுவைப் பின்தொடரும் பொறுப்பைச் செயற்குழு எடுத்துக்கொள்ளலாம் என்றும் முன்மொழிகிறேன்.

வகுப்பு நேரத்தை மனமுவந்து கொடுத்த தலைமையாசிரியர், ஆசிரியர்களுக்கும், உத்திரமேரூர் பயணத்துக்கு வேன் கொடுத்து வாடகை வாங்க மறுத்த உறுப்பினருக்கும் மன்றத்தின் சார்பில் நன்றி. இந்த அறிக்கையைப் பொதுக்குழு விவாதித்து ஏற்றுத்தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்