கட்டுரையில் விடுபட்ட இரைச்சல்

ஆசிரியர் அவர்களுக்கு,

திமிங்கிலங்களுக்கு வரும் ஆபத்துகள் பற்றிய உங்கள் கட்டுரையில் வேட்டை, வலை எல்லாம் வந்தது. கப்பல் இரைச்சலைக் காணோம். முப்பது வருஷம் காதை அடைத்துக்கொண்டு இன்ஜின் அறையில் கிடந்தவன் நான். அந்தச் சத்தம் இரும்புச் சுவரோடு நின்றுவிடும் என்றே நினைத்திருந்தேன்.

2001 செப்டம்பரில் அமெரிக்காவில் நடந்த தாக்குதலுக்குப் பின் கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் கப்பல் நடமாட்டம் குறைந்தது, கடலுக்குள் இரைச்சலும் குறைந்தது. அந்த நாட்களில் அங்குள்ள ‘ரைட்’ என்ற இனத் திமிங்கிலங்களின் சாணத்தை அள்ளிச் சோதித்ததில், மன அழுத்த ஹார்மோன் குறைந்திருந்தது. சாணத்தில் இவ்வளவு சேதியா!

கப்பலைத் தள்ளும் புரொப்பல்லரின் இலையில் குமிழிகள் உடைவதுதான் பெரும் சத்தம். வேகத்தைக் குறைத்தால் அதுவும் அடங்கும், எண்ணெயும் மிச்சம். ஆனால் துறைமுகத்துக்கு நேரத்தோடு சேரச் சொல்லி மேலிருந்து விரட்டுவார்கள், நானும் விரட்டப்பட்டவன்தான்.

- ஓய்வு பெற்ற கப்பல் பொறியாளர்